கணக்கில் ஓடும் காலம்

சாதாரண மடிக்கணினி ஒன்று ஒரு நொடியில் நூறு கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைப் போட்டு முடித்துவிடும். அதே கணினியிடம் நொடிக்கு எட்டுத் தட்டு வீதம் ஒரே சீராகத் தட்டு என்று சொன்னால் தடுமாறும். அதற்கு நம்முடைய வேலை ஒன்று மட்டும் இல்லை என்பதுதான் காரணம். திரையைப் புதுப்பிக்க வேண்டும், சுட்டி எங்கே நகர்கிறது என்று பார்க்க வேண்டும், இணையத்தில் என்ன வந்தது என்று கவனிக்க வேண்டும். இயங்குதளம் இவற்றுக்கெல்லாம் மாற்றி மாற்றி நேரம் ஒதுக்குகிறது. '125 மில்லி நொடி கழித்து என்னை எழுப்பு' என்று ஒரு நிரல் கேட்டுக்கொண்டால் 126-இல் எழுப்பும். கூட்டம் அதிகமென்றால் 140-இல் எழுப்பும். கடிதம் தட்டச்சு செய்பவருக்கு இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. தாளம் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

எவ்வளவு பிசகினால் தெரியும்? ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் இருவர், ஃப்ரீபெரியும் சுந்த்பெரியும், 1995-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். தட்டுகளுக்கு இடையிலான இடைவெளி கால் நொடிக்குக் குறைவாக இருக்கும்போது, சுமார் 6 மில்லி நொடி விலகலையே காது பிடித்துவிடுகிறது. அதைவிட மெதுவான தாளத்தில், இடைவெளியின் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு விலகினால் போதும். ஆக, இசை மென்பொருளை எழுதுபவருக்கு முன்னால் உள்ள சிக்கல் இதுதான்: நேரம் தவறும் ஓர் இயந்திரத்தைக் கொண்டு, நேரம் தவறாத தாளத்தை உண்டாக்க வேண்டும்.

இதற்கு ஒரு தெளிவான விடை ப்யூர் டேட்டா என்ற இலவச மென்பொருளுக்குள் இருக்கிறது. அதில் நிரலை எழுத்தாக எழுதுவதில்லை. திரையில் பெட்டிகளை வைத்து, அவற்றைக் கம்பிகளால் இணைத்து, படமாக வரைகிறோம். அந்தப் படத்துக்குப் பெயர் 'பேட்ச்'.

பாரிஸில் தொடங்கியது

1980-களில் பாரிஸில் உள்ள இர்காம் இசை ஆய்வு மையத்தில் மில்லர் பக்கெட் என்ற இளம் அமெரிக்கர் வேலை பார்த்தார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கே பிலிப் மனூரி என்ற இசையமைப்பாளர் பியானோவும் கணினியும் சேர்ந்து வாசிக்கும் 'ப்ளூட்டான்' என்ற படைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒலியை உண்டாக்க '4எக்ஸ்' என்ற பெரிய இயந்திரம் இருந்தது. பியானோ கலைஞர் வாசிக்க வாசிக்க, எந்த நேரத்தில் எது ஒலிக்க வேண்டும் என்று அதற்குக் கட்டளையிட ஒரு வழி தேவைப்பட்டது. பக்கெட் ஒரு மேக்கின்டாஷ் கணினியில் பெட்டிகளையும் கம்பிகளையும் கொண்ட நிரல் ஒன்றை எழுதினார். 1988-இல் 'ப்ளூட்டான்' அரங்கேறியது. அந்த நிரலுக்கு 'மேக்ஸ்' என்று பெயர் வந்தது. 1957-இல் பெல் ஆய்வகத்தில் ஐ.பி.எம். 704 கணினியை இசைக்க வைத்த மேக்ஸ் மேத்யூஸுக்கு மரியாதையாக வைத்த பெயர் அது.

மேக்ஸ் பிறகு வணிக மென்பொருளாயிற்று. அதை வெளியிடும் சைக்ளிங் '74 நிறுவனம் 2017 முதல் ஏபிள்டன் என்ற இசை மென்பொருள் நிறுவனத்துக்குச் சொந்தம். பக்கெட் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் போய், 1996-இல் அதே யோசனையை முதலிலிருந்து மறுபடி எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். அதுதான் ப்யூர் டேட்டா. 2008-இல் வந்த 'ஸ்போர்' கணினி விளையாட்டுக்குள் இசையமைப்பாளர் பிரையன் ஈனோவின் இசையை அவ்வப்போது புதிதாகப் பிறப்பித்துக்கொண்டிருந்தது இதன் ஒரு வடிவமே.

முதலில் வரிசை

எழுத்தில் உள்ள நிரலை மேலிருந்து கீழாகப் படிக்கலாம். முதல் வரி முதலில், இரண்டாம் வரி அடுத்து. படத்தில் அப்படி ஏது? ஒரு பெட்டியிலிருந்து மூன்று கம்பிகள் மூன்று பக்கம் போனால், எதில் முதலில் செய்தி போகும்?

மேக்ஸில் திரையில் வலப்பக்கம் இருப்பது முதலில். அதனால் ஒரு பெட்டியைச் சற்று இடம் மாற்றி வைத்தாலே நிரலின் போக்கு மாறிவிடக்கூடும். ப்யூர் டேட்டாவில் கம்பிகளை எந்த வரிசையில் இணைத்தோமோ அந்த வரிசை. அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஒரு வெளிவாயிலிருந்து பல கம்பிகளை இழுப்பதில்லை. நடுவில் 'டிரிக்கர்' என்ற பெட்டியை வைக்கிறார்கள். அதன் வெளிவாய்கள் எப்போதும் வலமிருந்து இடமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி அனுப்பும்.

ஏன் வலமிருந்து இடம்? ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் இடக்கோடியில் உள்ள நுழைவாய்தான் 'சூடானது'. அதில் செய்தி வந்ததும் பெட்டி வேலை செய்து விடையை வெளியே தள்ளும். மற்ற நுழைவாய்கள் 'குளிர்ந்தவை'. வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கூட்டல் பெட்டியின் வலது வாயில் 4 முதலில் போய்ச் சேர்ந்து, அதன்பின் இடது வாயில் 3 வந்தால் விடை 7. வரிசை மாறினால் பழைய எண்ணோடு 3-ஐக் கூட்டித் தவறான விடையைத் தந்துவிடும், அதுவும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு கம்பியில் போன செய்தி அந்தக் கிளையின் கடைசி வரை போய் முடிந்த பிறகுதான் அடுத்த கம்பிக்கு முறை வரும். எனவே ஒரே கணத்தில் நடப்பதாகத் தோன்றும் நூறு காரியங்களுக்கும் உள்ளே ஓர் உறுதியான முன்பின் இருக்கிறது. ஒரே பேட்சை ஆயிரம் முறை ஓட்டினாலும் அது மாறாது.

கடிகாரத்தைப் பார்க்காத கடிகாரம்

சீரான துடிப்புக்கு 'மெட்ரோ' என்ற பெட்டி உண்டு. 'மெட்ரோ 125' என்று எழுதினால் 125 மில்லி நொடிக்கு ஒரு முறை 'பேங்' என்ற செய்தியை அனுப்பும். 'இப்போது செய்' என்பதைத் தவிர பேங்குக்கு வேறு பொருள் இல்லை. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடி 500 மில்லி நொடி. அதை நான்காகப் பிரித்தால் 125.

இந்த மெட்ரோ இயங்குதளத்திடம் போய் எழுப்பச் சொல்லிக் கேட்பதில்லை. ப்யூர் டேட்டா தனக்கென்று ஒரு காலத்தை வைத்துக்கொள்கிறது. அதற்கு 'தர்க்க நேரம்' என்று பெயர். கடைக் கணக்குப்பிள்ளை செவ்வாய்க்கிழமை விற்பனையைப் புதன் காலையில் எழுதினாலும் பேரேட்டில் தேதி செவ்வாய் என்றுதான் போடுவார். எழுதிய நேரம் கணக்கில் சேராது. தர்க்க நேரமும் அப்படித்தான். ஒரு நிகழ்வு எப்போது நடக்க வேண்டுமோ அந்த நேரத்தைக் குறித்து வைக்கிறது. அதைக் கணினி உண்மையில் எந்த நிமிடத்தில் கணக்கிட்டது என்பது பொருட்டே இல்லை.

இதன் பலன் உடனே தெரியும். மெட்ரோவின் அடுத்த துடிப்பு, முந்தைய துடிப்பின் குறிக்கப்பட்ட நேரத்தோடு 125-ஐக் கூட்டிக் கிடைப்பது. நடுவில் கணினி 3 மில்லி நொடி தாமதித்தாலும் அந்த 3 கூட்டலுக்குள் நுழைவதில்லை. ஆயிரமாவது துடிப்பின்போதும் பிசகு சேர்ந்திருக்காது.

இதை யாரும் தம் கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'டைமர்' என்ற பெட்டி தர்க்க நேரத்தை அளக்கிறது. 'ரியல்டைம்' என்ற பெட்டி சுவர்க் கடிகார நேரத்தை அளக்கிறது. இரண்டையும் ஒரே பேங்கால் தொடங்கிவிட்டு, பத்து லட்சம் முறை ஒரு கூட்டலைச் செய்யவிட்டு, உடனே இரண்டையும் படியுங்கள். ரியல்டைம் ஆன நேரத்தை மில்லி நொடிகளில் காட்டும். டைமர் 0 என்று காட்டும். பத்து லட்சம் கூட்டலும் நேரமே ஆகாமல் நடந்து முடிந்ததாகத்தான் பேட்சின் கணக்கு.

புதியவர்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு கோளாறுக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. ஒரு பெட்டியின் விடையை அதன் சூடான வாய்க்கே திருப்பி இணைத்தால், செய்தி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். தர்க்க நேரமோ துளியும் நகராது. அந்தக் கணத்தை விட்டு வெளியேற வழியே இல்லாமல் நிரல் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும்.

64 சாம்பிள்

குறித்து வைத்த நேரம் கடைசியில் காற்றில் ஒலியாக வர வேண்டுமே! ஒலி அட்டை நொடிக்கு 44,100 எண்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். ப்யூர் டேட்டா அவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிடுவதில்லை. 64 சாம்பிள்களை ஒரு பிளாக்காகச் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஒரு பிளாக்கின் நீளம் சுமார் 1.45 மில்லி நொடி. ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால், அந்த 1.45 மில்லி நொடிக்குள் விழ வேண்டிய மெட்ரோக்கள், தாமதங்கள் எல்லாவற்றையும் நேர வரிசைப்படி நடத்தி முடிக்கிறது. பிறகு 64 சாம்பிள்களை உண்டாக்குகிறது. அடுத்த பிளாக்குக்கும் இதே முறை.

உண்டானவை 'பஃபர்' என்ற தற்காலிகக் கிடங்கில் காத்திருந்து ஒலி அட்டைக்குப் போகின்றன. கணினி சற்றுத் திணறினாலும் பஃபரில் இருப்பு உள்ளவரை கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. பஃபரைப் பெரிதாக்கினால் பாதுகாப்பு கூடும். ஆனால் விசையை அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் இடையில் தாமதமும் கூடும். மேடையில் வாசிப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓர் அளவைத் தேர்ந்துகொள்கிறார். இருப்பு தீர்ந்துபோனால் 'டிக்' என்று ஒலி வெட்டுப்படும். அப்போதும் தர்க்க நேரம் எதையும் தாண்டிக் குதிப்பதில்லை.

அவசரமே இல்லாதபோது இந்த ஏற்பாடு வேறொரு வசதியைத் தருகிறது. ஒலி அட்டைக்காகக் காத்திருக்காமல் கணினியின் முழு வேகத்தில் பேட்சை ஓட்டி, விடையை நேராகக் கோப்பில் எழுதிவிடலாம். ஒரு மணி நேர இசை சில நிமிடங்களில் தயாராகிவிடக்கூடும். ஒவ்வொரு தட்டும் தன் இடத்திலேயே விழுந்திருக்கும்.

ஆனாலும் ஒரு நுட்பமான சிக்கல் மிஞ்சுகிறது. 125 மில்லி நொடி என்பது 5,512.5 சாம்பிள், அதாவது 86 பிளாக்கும் கொசுறும். மெட்ரோவின் துடிப்புகள் பிளாக்கின் விளிம்பில் சரியாக விழுவதில்லை. ஒன்று தொடக்கத்தில், ஒன்று நடுவில் என்று மாறி மாறி விழுகின்றன. ஒலியின் ஏற்ற இறக்கத்தை வரையும் 'லைன்' பெட்டி பிளாக்கின் விளிம்பில் மட்டுமே தொடங்கத் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு தட்டும் அதிகபட்சம் 1.45 மில்லி நொடி விலகலாம். தனித் தட்டு என்றால் கவலையில்லை. நொடிக்கு நூறு துடிப்பு என்று வேகமாக அடுக்கி அதையே ஒரு சுருதியாகக் கேட்கும்போது இந்த விலகல் கரகரப்பாக ஒலிக்கிறது. இதற்காகவே 'வி-லைன்' என்ற பெட்டி இருக்கிறது. குறிக்கப்பட்ட நேரத்தைப் படித்து, பிளாக்கின் நடுவே, இரண்டு சாம்பிள்களுக்கு இடையில் இருந்தால்கூட, அந்த இடத்திலிருந்தே கோட்டைத் தொடங்கும்.

மென்பொருளுக்கு வெளியே போகும் செய்திகளுக்கு இவ்வளவு துல்லியம் கிடைப்பதில்லை. இசைக் கருவிகளை இணைக்க 1983-இல் வந்த மிடி கம்பியில் நொடிக்கு 31,250 பிட் மட்டுமே போகும். ஒரு சுரத்தைத் தொடங்கும் மூன்று பைட் செய்தி அதைக் கடக்க ஏறக்குறைய 1 மில்லி நொடி ஆகிறது. பத்துச் சுரங்களை ஒன்றாக அனுப்பினாலும் வரிசையில் நின்றுதான் போக வேண்டும்.

எண்ணி, எடுத்து, தட்டு

துடிப்பு கிடைத்துவிட்டது. அதில் கோலம் போட வேண்டும். தட்டுகளை வரிசைப்படி ஓட்டும் மிக எளிய 'சீக்வென்ஸர்' ஒன்றுக்கு நான்கைந்து பெட்டிகள் போதும். மெட்ரோவின் பேங் 'ஃப்ளோட்' என்ற பெட்டியின் இடது வாய்க்குப் போகிறது. அது தன்னிடம் உள்ள எண்ணை வெளியே அனுப்புகிறது. அந்த எண்ணோடு 1-ஐக் கூட்டி, ஃப்ளோட்டின் குளிர்ந்த வலது வாய்க்கே திருப்பி அனுப்புகிறோம். வாய் குளிர்ந்ததாக இருப்பதால் சுழல் உண்டாவதில்லை. புதிய எண் அடுத்த பேங் வரை காத்திருக்கிறது. இப்படி 0, 1, 2, 3 என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அதை 16-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் 0 முதல் 15 வரை பதினாறு படிகளாகச் சுற்றிச் சுற்றி வரும். அந்த மீதியைக் கொண்டு ஒரு பட்டியலைப் படித்து, 1 இருந்தால் தட்டு, 0 இருந்தால் சும்மா இரு என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

இந்தச் சிறு அமைப்பின் வளம் அதை இரட்டிக்கும்போது தெரியும். அதே மெட்ரோவிலிருந்து இன்னொரு கிளை எடுத்து, 16-க்குப் பதிலாக 7-ஆல் வகுங்கள். 16 படிச் சுற்றும் 7 படிச் சுற்றும் ஒன்றாகத் தொடங்கிப் பிரிந்து, 112 படிகளுக்குப் பிறகு, அதாவது 14 நொடி கழித்து, மறுபடி ஒன்றாகச் சேரும். இரண்டுக்கும் துடிப்பு ஒரே இடத்திலிருந்து வருவதால் இந்தச் சந்திப்பு ஒருபோதும் தவறாது.

மாறாக, இரண்டு தனி மெட்ரோக்களை வைத்து ஒன்றுக்கு 125, மற்றதற்கு 126 என்று கொடுத்தால் கதை வேறு. இரண்டும் மெல்ல மெல்ல விலகி, 15.75 நொடியில் ஒன்று ஒரு படி முந்திக்கொண்டு, மறுபடி இணையும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965-இல் ஒரே குரல் பதிவை இரண்டு டேப் கருவிகளில் ஓட்டியபோது அவற்றின் வேக வேறுபாட்டால் தற்செயலாகக் கண்டதும் இதைத்தான். அவருக்கு இயந்திரக் குறையாகக் கிடைத்தது இங்கே நாமே கொடுக்கும் ஓர் எண்.

பட்டியலைக் கையால் நிரப்பாமல் சூத்திரத்தால் நிரப்பவும் முடியும். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் உள்ள நியூட்ரான் ஆய்வு நிலையத்துக்காக, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான துடிப்புகளை இடைவெளிகளில் முடிந்தவரை சமமாகப் பரப்பும் முறை ஒன்றைப் பியார்க்லண்ட் என்பவர் வகுத்தார். மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்ஃப்ரீட் டூசான், அந்த முறையின் அடியில் மீப்பெரு பொதுக் காரணி காணும் யூக்ளிடின் பழைய வழி இருப்பதையும், உலகின் பல மரபுத் தாளங்கள் அதிலிருந்தே பிறப்பதையும் 2005-இல் எடுத்துக்காட்டினார்.

தொடங்கும் இடத்தைத் தவிர அதே விளைவைத் தரும் சுருக்கமான வழி இது. படியின் எண்ணைத் தட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்; மொத்தப் படிகளால் வகுங்கள்; மீதி, தட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவென்றால் தட்டுங்கள். 8 படிகளில் 3 தட்டு என்று கொடுத்தால் 0, 3, 6 ஆகிய படிகளில் விழும். 3+3+2: கியூப இசையின் அடிநாதமான 'ட்ரெசில்லோ'. இப்போது 7 படிகளில் 3 தட்டு என்று கொடுங்கள். 0, 3, 5. அதாவது 3+2+2. தகிட, தக, திமி. கச்சேரி கேட்கும் எவருக்கும் தெரிந்த மிச்ர சாபு! 5 படிகளில் 2 தட்டு என்றால் 3+2 வரும். தொடங்கும் இடத்தைச் சுழற்றினால் அதுவே தக தகிட, கண்ட சாபு. பெருக்கல், வகுத்தல், ஒப்பிடல் என்று மூன்றே பெட்டிகள்தான் இவை.

ஊஞ்சலாடும் 'ஸ்விங்' நடை வேண்டுமென்றால், ஒற்றைப்படை எண்ணுள்ள படிகளை மட்டும் 'டிலே' பெட்டி வழியாக 20 மில்லி நொடி தள்ளி அனுப்பலாம். மூலத் துடிப்பை அது தொடுவதில்லை. ஆகவே தள்ளல் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குச் சேர்ந்துகொண்டே போகாது.

துடிப்பு எங்கிருந்து வரலாம்?

நடை மாறும்போது மெட்ரோவுக்கு ஒரு குறை உண்டு. புதிய வேகத்தைக் கொடுத்தாலும், ஏற்கெனவே குறித்து வைத்த அடுத்த துடிப்பு பழைய நேரத்திலேயே விழும். அதன் பிறகுதான் வேகம் மாறும். வேகம் வழுக்கிக்கொண்டு மாற வேண்டும் என்றால் 'ஃபேஸர்' பெட்டியைக் கடிகாரமாக்குகிறார்கள். அது 0-இலிருந்து 1 வரை சீராக ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறும் ஒரு சிக்னல். இரண்டு நொடிக்கு ஓர் ஏற்றம் என்று வைத்து, அதை 16-ஆல் பெருக்கி முழு எண்ணை மட்டும் எடுத்தால், நாம் நிற்கும் படி எது என்று தெரிந்துவிடும். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டிக் குறித்து வைக்காமல், சுற்றில் இப்போது எங்கே இருக்கிறோம் என்று மட்டும் கேட்கிறோம். வேகத்தை எந்தக் கணத்தில் மாற்றினாலும் சுற்று அறுபடாது. ஏற்றத்தைத் தலைகீழாக்கினால் தாளம் பின்னோக்கியும் ஓடும்.

எண்ணும் பெட்டிகளுக்கும் பட்டியலைப் படிக்கும் பெட்டிகளுக்கும் பேங் எங்கிருந்து வருகிறது என்பதில் எந்த அக்கறையும் இல்லை. மெட்ரோ அனுப்பலாம், ஃபேஸர் அனுப்பலாம், சுட்டியைச் சொடுக்கும் விரல் அனுப்பலாம். மனூரியோடு பக்கெட் வேலை செய்தபோது அதை அனுப்பியவர் மேடையில் இருந்த கலைஞர். கணினியிடம் முழு ஸ்வரக் குறிப்பும் இருந்தது. அவர் வாசிக்கும் சுரங்களைக் கேட்டு, குறிப்பில் எந்த இடத்தில் இருக்கிறார் என்று அது பின்தொடர்ந்தது. 'ஸ்கோர் ஃபாலோயிங்' என்று சொல்லப்படும் இந்த முறையில், கலைஞர் ஒரு சுரத்தில் சற்றுத் தயங்கி நின்றால் இயந்திரமும் நிற்கும். அவர் விரைந்தால் அதுவும் விரையும்.

மென்பொருளின் கால ஒழுங்கு இவ்வளவு இறுக்கமாக இருப்பதன் பயன் இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. கணக்கிட ஆகும் நேரம் தாளத்துக்குள் கலந்துவிடாது. ஒரு கணத்துக்குள் எது முன், எது பின் என்பதும் தீர்மானமாக இருக்கிறது. அப்படியானால் தாளத்தில் மிஞ்சும் தயக்கமும் அவசரமும் இயந்திரத்துடையவையாக இருக்க முடியாது. அவை வாசிப்பவருடையவை, அவர் வேண்டுமென்று வைத்தவை.